மருத்துவக் குழு ‘முடியாது’ என்று எழுதிவிட்டால் வழக்கு முடிந்ததா?

கயல்_தென்கரை

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மும்பைச் சிறுமி வழக்கின் தீர்ப்பை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். செய்திகளில் வந்ததெல்லாம் ‘14 வயதுச் சிறுமியின் கருவைக் கலைக்க அனுமதி’ என்ற ஒரு வரிதான். தீர்ப்புக்குள் இருக்கும் ஒரு சங்கதியைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

அந்தச் சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானவள். வீட்டுக்குத் தெரியும்போதே கரு 24 வாரத்தைத் தாண்டிவிட்டது. மார்ச் 28 அன்று ஜே.ஜே. மருத்துவமனையின் மருத்துவக் குழு அவளைப் பரிசோதித்து, ‘உடலாலும் மனதாலும் தகுதியாக இருக்கிறாள், உயர் நீதிமன்றம் அனுமதித்தால் கலைக்கலாம்’ என்று எழுதியது. ஏப்ரல் 3 அன்று அதே குழு ‘விளக்கம்’ என்று இன்னொரு காகிதம் கொடுத்தது. கருவில் குறைபாடு எதுவும் இல்லை, வாரங்கள் கடந்துவிட்டன, ஆகவே கூடாது என்று அதில் இருந்தது. இடையில் அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவே இல்லை. மறுநாளே பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் சயான் மருத்துவமனையில் வேறொரு குழுவைப் பார்க்கச் சொன்னது. அவள் விருப்பத்துக்கு எதிராகக் கர்ப்பம் தொடர்ந்தால் உடலையும் மனதையும் பாதிக்கும் என்று அந்தக் குழு சொன்னது. ஏப்ரல் 22-ல் அனுமதி கிடைத்தது. ஒரு வாரத்தில் பெற்றோர் மனம் மாறி, பிரசவமே ஆகட்டும் என்றதால் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அது வேறு கதை.

என் கேள்வி இதுதான். ஆறு நாளில் தலைகீழாக மாறிய ஒரு காகிதத்துக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது? மருத்துவர் சொல்வது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? வக்கீல்களும் டாக்டர்களும் சொல்லுங்கள். கட்சி அரசியலை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

கருப்புக்கோட்டு

ஏட்டில் இருப்பதைச் சொன்னால், கட்டுப்படுத்தாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-வது பிரிவு. இரண்டும் சொல்வது ஒன்றேதான்: நிபுணர் கருத்து வழக்குக்குத் தொடர்புடைய சங்கதி. அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி கையில். டாக்டர் என்ன முடிவு சொன்னார் என்பதைவிட எதை வைத்துச் சொன்னார் என்றுதான் பார்க்க வேண்டும்.

நடைமுறைக்கு வாருங்கள். ஒரு கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வழக்கமாகச் சாட்சிக் கூண்டில் ஏறுவார். இந்தக் காயம் அந்த அரிவாளால்தான் வந்ததா, பாறையில் விழுந்தாலும் வருமா, எத்தனை மணிக்குச் செத்திருப்பார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அரை நாள் குடைவார். பொய்யோ அவசரமோ இருந்தால் அங்கே வெளியே வந்துவிடும்.

உரிமை கேட்டு நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் அந்த வசதி கிடையாது. கருக்கலைப்பு, சிகிச்சைச் செலவு, உறுப்பு மாற்று அனுமதி என்று ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட உரிமை வழக்குகளில் பெரும்பாலானவை ரிட்டாகத்தான் வருகின்றன. குழுவின் அறிக்கை ஒரு கவரில் வரும். அரசு வழக்கறிஞர் வாசிப்பார். நம் கைக்குப் பிரதி வருவது பல நாள் அன்று காலையில்தான். கையெழுத்துப் போட்ட ஐந்தாறு பேரில் ஒருவரிடம்கூட யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஒரு கொலையாளிக்குக் கிடைக்கிற குறுக்கு விசாரணை அந்தச் சிறுமிக்குக் கிடைக்காது. சட்டம் கொடுக்காத கனம் இந்த வழியாகத்தான் அந்தக் காகிதத்துக்கு வந்துவிடுகிறது.

நீங்கள் படித்த தீர்ப்பிலேயே இதற்கு ஓரளவு மருந்து இருக்கிறது. குழு தன் கருத்தை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று காரணம் எழுத வேண்டும்; கர்ப்பிணியின் உடல், மனம் இரண்டைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. கீழே எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்பது தனி விவாதம்.

ஜி_எச்_டாக்டர்

நான் மகப்பேறு மருத்துவர். இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள். 24-ஐத் தாண்டினால்தான் குழு. அந்தக் குழுவைச் சட்டம் எதற்காக உருவாக்கியது? கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க. அதனால்தான் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர் ஆகியோர் கட்டாயம். மனநல மருத்துவர் கட்டாயமில்லை. மாநில அரசு சேர்த்தால் உண்டு. மூன்று நாளில் கருத்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம். ‘அனுமதி’ அல்லது ‘மறுப்பு’, அதற்கு நியாயம், கலைப்பதற்கு உடல் தகுதி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எழுத அதில் தனியாக இடமே கிடையாது.

ஜே.ஜே. குழுவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு காகிதங்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில் மாதிரித்தான் எனக்குப் படுகிறது. முதலாவது, ‘இவளுக்குச் செய்தால் தாங்குவாளா?’ இரண்டாவது, ‘சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?’ முதல் கேள்வி எங்களுடையது. இரண்டாவது நீதிபதியுடையது. அதை எங்கள் தலையில் வைத்தால் நாங்கள் சட்டத்தைப் பார்த்துப் பயந்து எழுதுவோம். போக்சோ, போலீஸ், நாளைக்கு எங்கள் மேலேயே வழக்கு. இந்தப் பயம் சிகிச்சைக்குத் தடையாக இருக்கிறது என்று அதே தீர்ப்பில் நீதிபதிகளே சொல்லியிருக்கிறார்கள்.

சும்மா_ஒரு_கேள்வி

எல்லாரும் டாக்டர் கருத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்கிறீர்கள். மதிப்புக் கொடுக்காவிட்டால் வேறு என்ன செய்வது? நீதிபதி ஸ்டெத் மாட்டிக்கொள்வாரா? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு கலைப்புக்கு அனுமதி கொடுத்து, எய்ம்ஸ் டாக்டர் கையைப் பிடித்து நிறுத்தினாரே. டாக்டர் பேசாமல் இருந்திருந்தால்?

கயல்_தென்கரை

நல்ல உதாரணத்தைத்தான் எடுத்தீர்கள். ஆனால் அதை முழுதாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் திருமணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பமும் தெரியவில்லை. எய்ம்ஸ் குழு பார்த்தது, அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா இருவரும் அனுமதி தந்தார்கள். மறுநாள் குழுவில் இருந்த மருத்துவர் ஒருவர் அரசு வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: கரு உயிர் பிழைக்கும் நிலையில் இருக்கிறது, இதயத் துடிப்பை நிறுத்திவிட்டுச் செய்வதா என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டும்.

உத்தரவுக்குப் பிறகு இவ்வளவு வெளிப்படையாக எழுத முடிகிறவர்கள் முதல் அறிக்கையிலேயே ஏன் எழுதவில்லை என்று நீதிபதி கோலியே கேட்டார். அக்டோபர் 11-ல் அதே அமர்வு இரண்டாகப் பிரிந்தது. கோலி அனுமதி தர முடியாது என்றார். நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வு எய்ம்ஸிடம் குறிப்பான கேள்விகளைக் கேட்டு அனுப்பியது. கருவில் குறை இருக்கிறதா, தாய் சாப்பிட்ட மாத்திரையால் பாதிப்பு உண்டா, மாற்று மருந்து இருக்கிறதா என்று. பதில் வந்தது, 16-ஆம் தேதி மனு தள்ளுபடி. அப்போது 26 வாரம் 5 நாள்.

முடிவு சரியா தவறா என்பது இருக்கட்டும். ஒரே மருத்துவமனை, ஒரே பெண், பத்து நாளுக்குள் மூன்று முறை பேசியிருக்கிறது. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் வழக்கு வேறு திசையில் திரும்பியிருக்கிறது. டாக்டர் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் தடவையே அவரிடம் சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

ஜி_எச்_டாக்டர்

அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். 26 வாரத்தில் வலி வரவழைத்தால் குழந்தை உயிரோடு பிறக்கலாம். பிறந்தால் அதைத் தீவிர சிகிச்சையில் வைத்துப் பார்ப்பது எங்கள் கடமை. குறைமாதக் கோளாறுகளோடு அது வளரலாம். ‘கலைக்க அனுமதி’ என்று ஒரு வரியில் உத்தரவு வந்தால் லேபர் வார்டில் நிற்கிறவருக்கு அது போதாது. வெளியிலிருந்து பார்க்க டாக்டர் குறுக்கே விழுந்த மாதிரித் தெரியும்.

ஆனால் கயல் சொல்வதும் சரி, முதல் அறிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம்தான். எங்கள் அறிக்கைகள் சுருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணம், மாட்டிக்கொள்ளாமல் எழுதும் பழக்கம்.

பென்ஷன்தாரர்

எல்லாரும் பெரிய வழக்குகளைப் பேசுகிறீர்கள். என்னுடையது சின்ன வழக்கு, இன்னும் வழக்காகக்கூட ஆகவில்லை. காய்ச்சலும் மயக்கமுமாக ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்து 118-க்கு வந்துவிட்டது என்றார்கள். சில நாள் வைத்திருந்து சரிசெய்து அனுப்பினார்கள். பில்லை அனுப்பினால் காப்பீட்டு நிறுவனம், ‘புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம், அட்மிஷன் தேவையில்லை என்று எங்கள் மருத்துவர் கருதுகிறார்’ என்று கடிதம் போட்டுவிட்டது. அந்த மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நாடி பிடித்துப் பார்த்தவர் சொல் செல்லாது, காகிதத்தைப் பார்த்தவர் சொல் செல்லுமா?

கருப்புக்கோட்டு

ஐயா, உங்களுக்காகவே சொன்ன மாதிரி ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிவகாந்த் ஜா வழக்கு, உச்ச நீதிமன்றம், 2018 ஏப்ரல். ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி. அரசின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் இதயத்துக்குள் கருவி பொருத்திக்கொண்டார். இன்னொரு முறை பக்கவாதத்துக்கு மும்பையில் சிகிச்சை. இரண்டும் சேர்ந்து 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் தொழில்நுட்பக் குழு, அந்தக் கருவியே தேவையில்லை என்று சொல்லி வெட்டியது.

நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்வது படிப்பும் அனுபவமும் உள்ள, பக்கத்தில் இருந்து பார்க்கிற மருத்துவர்தான். அதில் நோயாளிக்கோ உறவினருக்கோ இருக்கிற இடமே ரொம்பக் குறைவு என்றது நீதிமன்றம். உண்மையில் சிகிச்சை எடுத்தாரா, அதற்கு மருத்துவச் சான்று இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வைத்து மறுக்கக்கூடாது என்று சொல்லி மீதித் தொகையைக் கொடுக்கச் சொன்னது.

ஒரு எச்சரிக்கை. அது அரசு தன் ஊழியருக்குச் செய்ய வேண்டிய கடமை பற்றிய தீர்ப்பு. உங்களுடையது பாலிசி ஒப்பந்தம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் சொல்லும்.

நியூஜெர்சி_நாகு

அமெரிக்காவில் இது நேர் எதிர்த் திசையில் போய்விட்டது. சிகிச்சை கொடுக்கும் மருத்துவரின் கருத்துக்குக் கூடுதல் எடை என்று இங்கே ஒரு விதியே இருந்தது. அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்பவர்களுக்கு அது பெரிய பலம். 2017 மார்ச் கடைசியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லா மருத்துவர் கருத்தையும் ஒரே தட்டில் வைத்து, எது ஆதாரத்தோடு இருக்கிறது, எது மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள்.

நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு நடத்தும் உதவித் திட்டங்களுக்கு அதற்கும் முன்னாலேயே, 2003-ல், இங்கத்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதுகெலும்பு வட்டுத் தேய்மானத்தால் வேலை செய்ய முடியாமல் போன ஒருவரின் வழக்கு. அவருடைய டாக்டர்கள் முடியாது என்றார்கள். கம்பெனி அனுப்பிய டாக்டர் மருந்தோடு உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம் என்றார். சிகிச்சை தருபவருக்குத் தனி மரியாதை தேவையில்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். கம்பெனி டாக்டருக்குக் கம்பெனிப் பக்கம் சாயக் காரணம் இருக்கலாம் என்றால், நோயாளியின் டாக்டருக்கு நோயாளிப் பக்கம் சாயக் காரணம் இருக்கலாம் என்பது வாதம். அதேசமயம், சிகிச்சை தந்தவர் கொடுத்த நம்பகமான ஆதாரத்தைக் காரணமில்லாமல் ஒதுக்கவும் கூடாது என்றார்கள்.

சும்மா_ஒரு_கேள்வி

நியாயமாகத்தானே இருக்கிறது? எங்கள் குடும்ப டாக்டர் லீவ் லெட்டருக்குக் கேட்டவுடன் டைபாய்டு எழுதித் தருவார்.

பென்ஷன்தாரர்

தம்பி, 118 சோடியம் எழுதித் தந்தது மெஷின்.

கருப்புக்கோட்டு

டைபாய்டு என்றதும் ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. கிஷன் ராவ், 2010. ஹைதராபாதில் மலேரியாத் துறையில் அதிகாரியாக இருந்தவர். மனைவிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் குளிரும். மருத்துவமனை டைபாய்டு என்று மருந்து கொடுத்தது. டைபாய்டுக்கான சோதனை நெகட்டிவ். ஆனாலும் மருந்து தொடர்ந்தது, மனைவி இறந்துபோனார். மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் இழப்பீடு தந்தது. நிபுணர் சாட்சி இல்லை என்று சொல்லி மாநில ஆணையம் அதை ரத்து செய்தது.

2009-ல்தான் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, நுகர்வோர் மன்றம் மருத்துவர் மேல் நோட்டீஸ் அனுப்பும் முன்பே நிபுணர் கருத்து வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. கிஷன் ராவ் வழக்கில் அது சரியான சட்டம் ஆகாது என்றார்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவர்களுக்குச் சொன்ன பாதுகாப்பு குற்ற வழக்குக்கு மட்டும். நுகர்வோர் வழக்கில் எல்லாவற்றுக்கும் நிபுணர் வேண்டியதில்லை, விஷயம் தானாகப் பேசினால் போதும் என்று இழப்பீட்டைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், டாக்டருக்கு எதிராகச் சொல்ல டாக்டர் கிடைப்பதில்லை. நிபுணர் கட்டாயம் என்றால் பாதிக் கதவு அங்கேயே மூடிவிடும்.

ஜி_எச்_டாக்டர்

கிடைப்பதில்லை என்பது உண்மை. நாளைக்கு அதே ஊரில், அதே சங்கத்தில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

இத்தனை நேரம் எந்த டாக்டர் சொல்வது செல்லும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். சம்பந்தப்பட்டவர் சொல்வது எப்போது செல்லும்?

2009-ல் சண்டிகர் வழக்கு. அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு பெண் பாலியல் வன்முறையால் கர்ப்பமானாள். உயர் நீதிமன்றம் நிபுணர் குழு போட்டது. அவள் குழந்தை வேண்டும் என்று சொல்வதைக் குழுவே பதிவு செய்தது. ஆனாலும் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. வயது வந்தவள், அவள் சம்மதம் இல்லாமல் முடியாது என்றது. அங்கே நிபுணர்கள் ஒழுங்காகத்தான் கேட்டு எழுதியிருக்கிறார்கள். உயர் நீதிமன்றம்தான் அதைத் தாண்டிப் போனது. ஆக, எல்லாப் பழியையும் வெள்ளைக்கோட்டு மேல் போட முடியாது.

நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைப்பால் உடலோடு, அதாவது ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலோடு, பிறக்கும் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து ‘ஆண்’ அல்லது ‘பெண்’ ஆக்கிவிடுவது மருத்துவத்தில் பல காலமாக நடந்து வந்த வழக்கம். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பெற்றோர் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லித் தடை போடச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது, உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விலக்கு. அது ஆபத்தான நிலையா என்று பார்க்கிற குழுவில் மருத்துவர்களோடு மருத்துவர் அல்லாதவருக்கும் இடம் வைத்தார்கள். மும்பைச் சிறுமியைப் பார்த்த குழுவிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், ‘மறுபடி ஒரு தடவை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்போமே’ என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கயல்_தென்கரை

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நன்றி. கருப்புக்கோட்டு சார், ரிட்டில் குழுவைக் கேள்வி கேட்கவே வழியில்லையா?

கருப்புக்கோட்டு

வழி இருக்கிறது, பழக்கம்தான் குறைவு. குழுவில் ஒருவரைக் காணொலியில் வரச் சொல்லும் நீதிபதிகள் உண்டு. அறிக்கை கேட்டு உத்தரவு போடும்போதே என்னென்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ‘பரிசோதித்து அறிக்கை தரவும்’ என்று மட்டும் உத்தரவு போனால், ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

ஜி_எச்_டாக்டர்

பென்ஷன்தாரர் ஐயா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சோடியம் 118, மயக்கம் என்றால் எந்த டாக்டரும் உங்களை வீட்டுக்கு அனுப்பத் துணியமாட்டார். வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். புறநோயாளியாகச் செய்யும் வேலை இல்லை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் என்று என்ன போட்டிருக்கிறது?

பென்ஷன்தாரர்

எடுத்துப் பார்த்தேன் அம்மா. ‘வைரல் காய்ச்சல், உடல் சோர்வு’ என்று இருக்கிறது. சோடியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லேப் ரிப்போர்ட் மட்டும் தனியாக இருக்கிறது.

ஜி_எச்_டாக்டர்

அதுதான் சிக்கல். காகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு வைரல் காய்ச்சல்தான் தெரிந்திருக்கிறது. உங்களைப் பார்த்த டாக்டரிடம் போய், ‘சிகிச்சை அவசியம்’ என்று பொதுவாக எழுதாமல், வந்தபோது நினைவு எப்படி இருந்தது, சோடியம் எவ்வளவு, ஏன் உள்ளே வைக்க வேண்டியிருந்தது, எத்தனை முறை ரத்தம் பார்த்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவசரப் பிரிவில் எழுதிய முதல் குறிப்பின் நகலும், நர்ஸ் எழுதும் சார்ட்டும் கேளுங்கள். உங்கள் ஆவணம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கருப்புக்கோட்டு

அதை இணைத்து முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, என்னைப் போன்றவர்களும் தேவையில்லை. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். நிராகரித்ததிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் கடிதத்தின் தேதி என்ன?

பென்ஷன்தாரர்

நான்கு மாதம்தான் ஆகிறது தம்பி. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். எழுதித் தருகிறாரா, ‘ரெக்கார்டு செக்‌ஷனில் கேளுங்கள்’ என்று அனுப்புகிறாரா, பார்ப்போம். எதுவானாலும் இங்கே வந்து சொல்கிறேன்.